மலை நகராட்சிக்குச் சாலைப் பணி மேற்பார்வையாளரைத் தயார் செய்வது: முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் போன்ற மலை நகராட்சிகளில் புதிதாகப் பணிக்கு வரும் மேற்பார்வையாளர்களில் பலர் சமவெளியில் டிப்ளமோ படித்தவர்கள். கலவை விகிதம் தெரியும், டேப் பிடித்து அளவெடுக்கத் தெரியும், எஸ்டிமேட் படிக்கத் தெரியும். ஆனால் மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் ஒரு சாலையை ஒரே இரவில் எப்படி அறுத்துக்கொண்டு போகும் என்பதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு அரங்கில் இரண்டு நாள் உட்கார வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் இது வந்துவிடாது.

இந்த வழிகாட்டி அவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் இருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கும் நகராட்சிப் பொறியாளர்களுக்கும் எழுதப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவரும் தனக்குத் தானே இதைப் பின்பற்றலாம். மலைச் சாலையைக் கெடுக்கும் முதல் காரணம் தண்ணீர் என்பது என் உறுதியான கருத்து. அதனால் பயிற்சி தண்ணீரில் தொடங்கி, சரிவுக்குப் போய், அதற்குப் பிறகே தாருக்கும் கான்கிரீட்டுக்கும் வர வேண்டும். வழக்கமான பயிற்சிகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

பயிற்சிக்கு ஓராண்டு ஒதுக்குங்கள், முடிந்தால் ஜனவரியில் தொடங்குங்கள். மார்ச் வரை காய்ந்த மாதங்கள், நடக்கவும் வேலை பார்க்கவும் ஏற்றவை. ஏப்ரல், மே சீசனில் கூட்டத்துக்கு நடுவே வேலை செய்வதைக் கற்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பக்கத்தைப் பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வலுக்கும். இந்த ஒரு சுற்றைக் களத்தில் பார்க்காதவரிடம் ஒரு வார்டைத் தனியாக ஒப்படைக்கக் கூடாது.

படி 1: மேலிருந்து கீழே நடக்க வைப்பது

முதல் வாரம் மேசையும் கோப்பும் வேண்டாம். ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்து, அதன் உச்சியிலிருந்து அடியில் உள்ள ஓடை வரை நடக்க விடுங்கள். கூட அனுப்ப வேண்டியவர், அந்த வார்டில் பல ஆண்டுகள் மம்பட்டி பிடித்த மூத்த சாலைப் பணியாளர் அல்லது மேஸ்திரி. "அண்ணே, போன மழைக்கு தண்ணி எங்கே ரோட்டு மேல ஏறுச்சு?" என்று கேட்கப் பழகுவதுதான் முதல் பாடம். அந்தக் கேள்விக்கான பதில் எந்த வரைபடத்திலும் இருக்காது.

நடக்கும்போதே ஒரு நோட்டில் கைப்படம் வரைய வேண்டும். சாக்கடை எங்கே தொடங்குகிறது, எந்தச் சிறுபாலத்தில் சாலையைக் கடக்கிறது, வெளியே வந்து எங்கே விழுகிறது, கீழே யார் வீடு இருக்கிறது, எங்கே ஊற்று கசிகிறது, எந்தத் தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது, குடிநீர்க் குழாய் எங்கே சாலைக்கு அடியில் போகிறது என்று எல்லாம் அதில் வர வேண்டும். மாலையில் நோட்டை மூடிவிட்டு அதே படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். எது விடுபடுகிறதோ அந்த இடத்துக்கு மறுநாள் திரும்பப் போக வேண்டும்.

எந்தச் சாலை யாருடையது என்பதும் இந்த வாரத்தின் பாடம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு வருவது தேசிய நெடுஞ்சாலை. குன்னூரை ஒட்டிய வெலிங்டனுக்குத் தனிக் கன்டோன்மென்ட் வாரியம் உண்டு. இவை போக மாநில நெடுஞ்சாலை, ஊராட்சிச் சாலை, எஸ்டேட் சாலை, வனத்துறைச் சாலை. மேலே நெடுஞ்சாலைத் துறையின் சிறுபாலம் அடைத்தால் கீழே நகராட்சித் தெருதான் பிய்ந்து போகும். ஆகவே ஒவ்வொரு துறையின் களப் பணியாளரையும் நேரில் பார்த்து, அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைப்பது வேலையின் ஒரு பகுதி.

படி 2: தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது

இதற்கு முழுதாக ஒரு மாதம் கொடுங்கள். முதலில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓரத்துக்கு ஓடுவதற்காகச் சாலைக்குக் கொடுக்கும் குறுக்குச் சாய்வு. தார்ச் சாலைக்கு 2.5 சதவீத வாட்டம் என்று ஐஆர்சி (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) மலைச் சாலைக் கையேடு சொல்கிறது. அதாவது மீட்டருக்கு 25 மி.மீ. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றை வழிச் சாலையில், நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுமார் 47 மி.மீ. இறங்க வேண்டும். எண்ணைச் சொல்லிக்கொடுத்தால் போதாது. இரண்டு ஓரத்திலும் ஆளை நிறுத்தி நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஸ்கேலால் அளக்க வையுங்கள். அப்புறம் நடுவில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல முறை மேலுக்கு மேல் தார் போட்ட தெருவில் நடு மேடு மழுங்கி, தண்ணீர் சாலையின் நீளவாக்கில் ஓடும். அப்படி ஓடும் தண்ணீர்தான் அடுத்த கொண்டை ஊசி வளைவில் பள்ளப்பக்கத்து ஓரத்தை அரித்துவிடும்.

சரிவில் வெட்டிய சாலையில் வளைவுகளின் ஒருபக்கச் சாய்வைத் தனியாகக் காட்டுங்கள். கூடுமானவரை மேட்டுப்பக்கத்துச் சாக்கடைக்குத் தண்ணீரைத் திருப்பி, சிறுபாலம் வழியாகவே பள்ளப்பக்கம் அனுப்புவது நோக்கம். பள்ளப்பக்க வளைவில் சாய்வு வெளிப்புறம் போனால், விளிம்பில் தடுப்புக் கட்டையும் தண்ணீரை ஓரிடத்தில் சேர்த்து இறக்கும் கல் பதித்த சரிவு வாய்க்காலும் தேவை. திறந்தபடி விட்டால் அடுத்த மழைக்குள் ஓரம் காணாமல் போகும்.

அடுத்தது அளவு. 1 மி.மீ. மழை 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் என்பதை மனப்பாடமாக்குங்கள். ஒரு ஹெக்டேர் சரிவில் மணிக்கு 50 மி.மீ. மழை கொட்டி, அதில் 60 சதவீதம் வழிந்து வந்தால் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். மணிக்கு 3 லட்சம் லிட்டர், விநாடிக்கு 83 லிட்டர். இதைத் தன் கையால் போட்டுப் பார்த்தவர், பாதி மண் நிறைந்த குழாய்ப் பாலத்தைக் கண்டால் கடந்து போக மாட்டார். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது. ஒரு ஹெக்டேருக்கு 82 லட்சம் லிட்டர். எந்தச் சாக்கடையும் அதைத் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் குறைந்த மழைகளில் நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு, அடைத்துக் கிடக்கும் வாயால்தான் வருகிறது.

வாய் என்றேனே, சிறுபாலத்தில் பார்க்க வேண்டியது அதைத்தான். நடுப்பகுதி சுத்தமாக இருந்தும், தண்ணீர் நுழையும் முகப்பில் ஒரு சீகைக் கிளையும் பத்துப் பிளாஸ்டிக் பாட்டிலும் சிக்கினால் போதும், தண்ணீர் சாலை மேல் ஏறிவிடும். முகப்புக்குக் கொஞ்சம் மேலே கம்பித் தடுப்பு வைத்து, குப்பையை அங்கேயே பிடிக்கலாம். ஆனால் அதை மழை நாட்களில் தினமும் அள்ள ஆள் இருந்தால் மட்டுமே வையுங்கள். ஆள் இல்லாத கம்பித் தடுப்பே அணையாகிவிடும். காய்கறி கழுவும் இடங்களுக்குக் கீழே உள்ள சாக்கடைகளில் மண் வேகமாகப் படியும், அவற்றுக்குத் தனி முறை வைத்துத் தூர்வார வேண்டும். அள்ளிய மண்ணைச் சாக்கடை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவது வேலை முடிந்ததாகாது. அடுத்த மழைக்கு அது உள்ளேதான் போகும். லாரியில் ஏற்றிய பிறகே வேலை முடிந்ததாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக வெளியேறும் இடம். சிறுபாலத்திலிருந்து விழும் தண்ணீரை யாருடைய வீட்டுக்கு மேலும் உள்ள வெறும் சரிவில் விடக் கூடாது. கல் பதித்த படி வாய்க்கால் கட்டி, ஓடை வரை கொண்டு சேர்க்க வேண்டும். எஸ்டிமேட்டில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதியாகத்தான் இருக்கும். அதை எதிர்த்துப் பேசும் துணிச்சலையும் சேர்த்தே பயிற்றுவியுங்கள்.

படி 3: சரிவின் அறிகுறிகளைப் பார்க்கப் பழக்குவது

1993 நவம்பரில் குன்னூருக்குக் கீழே உள்ள மரப்பாலத்தில் நடந்த மண்சரிவையும், 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவுகளையும் புதியவர் அறிந்திருக்க வேண்டும். முடிந்தால் அந்தப் பகுதி மக்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இந்த மலையின் அடிப்பாறை கெட்டியான சார்னோகைட். அதன் மேல் பல இடங்களில் செம்மண்ணும் களிமண்ணும் தடிமனாகப் படிந்திருக்கிறது. நாள் கணக்கில் மழை ஊறினால் மேல்மண் கனமாகி, பிடிப்பு இழந்து இறங்குகிறது. சரிவின் அடியை வெட்டுவதும், இயல்பான வடிகாலை அடைப்பதும் இதைத் துரிதப்படுத்தும்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள்: சாலை ஓரத்தில் நீளவாக்கில் பிறை வடிவ விரிசல், திடீரெனச் சாய்ந்த மின்கம்பம், அடியில் வளைந்து நிற்கும் மரங்கள், சுவரில் புதிய புடைப்பு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, கதவு ஜன்னல் இறுகுவதாக வீட்டுக்காரர் சொல்வது. விரிசலைப் பார்த்தவுடன் இரு பக்கமும் பெயின்ட் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, தேதியோடு எழுத வேண்டும். மழை தொடரும்போது அது விரிந்துகொண்டே போனால் காத்திருக்க வேண்டியதில்லை. சாலையை அடைத்து, கீழே உள்ள வீடுகளுக்குச் சொல்லி, பொறியாளருக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்த அதிகாரத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் அலுவலக ஆணையாகவே மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். மேலிடத்தைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று ஒருவர் நடுச்சாமத்தில் தயங்கி நிற்கும்படி வைக்கக் கூடாது.

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு எளிய மழைமானி வைத்து, காலை 8.30-க்கு அளவெடுத்து எழுத வையுங்கள். வானிலைத் துறை கணக்கிடும் நேரமும் அதுதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மழைக்காலத்தில் நீலகிரிக்கு மண்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைத் தினமும் படித்து, தன் நோட்டில் உள்ள மழை அளவோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

சரிந்த மண்ணை அள்ளுவதற்கும் முறை உண்டு. மழை நிற்காத நிலையில் ஜேசிபியை அடியில் விட்டுத் தோண்டினால் மேலே தொங்கும் மண் வண்டியின் மீதே இறங்கும். மேலே ஒருவரை விசிலோடு காவல் நிறுத்தி, தளர்ந்து நிற்கும் பாறைகளை முதலில் இறக்கி, பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். மலைப்பகுதியில் மண் வெட்டும் இயந்திரங்களுக்கும் மரம் வெட்டுவதற்கும் கட்டுப்பாடுகள் உள்ளன. மரத்துக்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆகவே ஆபத்தான மரங்களின் பட்டியலை மே மாதத்துக்கு முன்பே அனுப்பி அனுமதி வாங்கி வைப்பது நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் சாலைகளை மரங்களால் அடைத்துப் போட்டதை மலைக்காரர்கள் மறக்கவில்லை.

தடுப்புச்சுவர் கட்டும்போது மேற்பார்வையாளர் விடாமல் பார்க்க வேண்டியது சுவரின் முதுகு. முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். முதுகில் கையால் அடுக்கிய கல்லும் ஜல்லியுமாகத் தண்ணீர் இறங்கும் அடுக்கு வேண்டும், வெட்டியெடுத்த களிமண்ணையே திரும்பக் கொட்டக் கூடாது. வீப் ஹோல்கள் (சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் துளைகள்) ஏறக்குறைய 1.5 மீட்டர் இடைவெளியில், வரிசை மாற்றி, வெளிப்புறம் சரிவாக இருக்க வேண்டும். முடிந்த சுவரில் ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சாந்து அடைத்திருந்தால் கம்பி நின்றுவிடும். சரிவில் நடுவதற்கு ஏற்ற புற்களையும் செடிகளையும் அறிய, ஊட்டியிலேயே 1954 முதல் இயங்கும், இந்திய மண்வள நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் அதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம்.

படி 4: குளிரில் தார் போடுவது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய 1,900 மீட்டர் மேலே. இந்த ஏற்றத்தில் வெப்பநிலை 12 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கீழிருந்து சூடான கலவை ஏற்றிய லாரி வளைவு வளைவாக ஏறி, சீசன் நெரிசலிலும் நின்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சமவெளிப் பயிற்சியில் இந்தக் கேள்வி எழவே எழாது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி 10 டிகிரிக்குக் கீழே தார்ப் பணி செய்யக் கூடாது. மழை, பனிமூட்டம், தேங்கிய நீர் இருந்தாலும் கூடாது. விஜி 30 என்ற தார் வகையில் செய்த கலவை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி, ரோலர் முடிக்கும்போது குறைந்தது 90 டிகிரி இருக்க வேண்டும். விஜி 10 என்றால் 130, 80. குளிர் இடங்களுக்கு விஜி 10 பொருத்தமானது. எது என்பதை எஸ்டிமேட் போடும்போதே பொறியாளர் தீர்மானிக்க வேண்டும், களத்தில் மாற்றிக்கொள்ள முடியாது.

பயிற்சி இப்படி இருக்கட்டும். மேற்பார்வையாளர் கையில் உலோகத் தண்டுள்ள தெர்மாமீட்டர். லாரி வந்ததும் தார்ப்பாயை விலக்கி, மேலோட்டில் குத்தாமல், குவியலுக்குள் ஆழமாகக் குத்தி அளவெடுக்க வேண்டும். வண்டி எண், புறப்பட்ட நேரம், வந்த நேரம், வெப்பநிலை நான்கையும் எழுத வேண்டும். குறைந்திருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்பந்ததாரர் கத்துவார். "இவ்வளவு தூரம் ஏத்திக்கிட்டு வந்துட்டோமே சார்" என்பார். அந்த நேரத்தில் மேற்பார்வையாளரின் பக்கம் நிற்பது உங்கள் கடமை. ஒரு முறை நீங்கள் விட்டுக்கொடுத்தால், அதன் பிறகு அவர் தெர்மாமீட்டரை வெளியே எடுக்க மாட்டார். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் தரை நன்றாகக் காய்ந்து வெயில் ஏறும் வரை வேலை தொடங்க வேண்டாம். ரோலர் முன்கூட்டியே தயாராக நிற்க வேண்டும்.

குழி மூடுவதைத் தனியாகப் பழக்குங்கள், ஆண்டு முழுவதும் செய்யும் வேலை அதுதான். குழியைச் சுற்றி நல்ல பகுதி வரை சதுரமாக, ஓரம் செங்குத்தாக வெட்ட வேண்டும். உள்ளே தண்ணீர், தூசி, தளர்ந்த ஜல்லி எதுவும் இருக்கக் கூடாது. அடியிலும் ஓரங்களிலும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) மெல்லியதாகப் பூச வேண்டும், தேங்க விடக் கூடாது. ஆழமாக இருந்தால் அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கி, மேல் அடுக்கைச் சாலையைவிடச் சற்றே உயரமாக விட வேண்டும். மழைக்காலத்துக்குக் குளிர்கலவை (சூடாக்காமல் போடும் தார்க் கலவை) மூட்டைகளை இருப்பு வையுங்கள். ஒரே இடத்தில் மூன்றாம் முறை குழி விழுந்தால் கலவையைக் குறை சொல்லாமல், அடியில் குடிநீர்க் குழாய் கசிகிறதா என்று தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: கான்கிரீட்டும் படிக்கட்டுப் பாதைகளும்

இதில் பாடம் சமவெளியை ஒட்டியதே. கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் சோதனை, 150 மி.மீ. கியூப், 7 நாளிலும் 28 நாளிலும் நசுக்கும் சோதனை. குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் கெட்டியாகும், அதனால் அச்சுப் பலகை பிரிக்கும் நாளைத் தள்ளிப் போட வேண்டும். பனி ஈரமாகத்தானே இருக்கிறது என்று தண்ணீர் விட்டு ஆற்றுவதை (கியூரிங்) கைவிடக் கூடாது. படிக்கட்டுப் பாதைகளில் மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்தால் பாசி பிடித்து வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து, ஒவ்வொரு படிக்கும் முன்புறம் சிறு வாட்டம் கொடுத்து, பக்கத்தில் வாய்க்காலும் கைப்பிடியும் வைக்க வேண்டும்.

படி 6: ஆட்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது

வளைவுக்கு அப்பால் வேலை நடப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. ஆகவே எச்சரிக்கைப் பலகை வளைவுக்கு முன்பே, மேலும் கீழும் இரு திசையிலும் இருக்க வேண்டும். பலகை, பாதையைக் குறுகலாக்கும் கூம்புகள், வேலை இடம், முடிவுப் பலகை என்ற வரிசையைப் போட்டுக் காட்டி, பிறகு அவரே போடட்டும். ஒருவழியாக விடும்போது ஏறி வரும் வண்டிக்கு முன்னுரிமை. இரு முனையில் நிற்பவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாவிட்டால் வாக்கிடாக்கி கொடுங்கள், அல்லது நடுவில் மூன்றாவது ஆளை நிறுத்துங்கள். மூட்டம் இறங்கினால் வேலையை நிறுத்தும் முடிவு மேற்பார்வையாளருடையது.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பலகை அணைப்பு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. ஊறிய மலை மண்ணில் அதைவிடக் குறைந்த ஆழத்திலும் சரியும். கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை, கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவசரம், சின்ன அடைப்பு என்ற எந்தக் காரணமும் செல்லாது. அதிகாலையிலும் மாலையிலும் காட்டெருமை நடமாடும் தெருக்களில் பணியாளரைத் தனியாக அனுப்பக் கூடாது. மழைக்கோட்டு, கம்பூட்ஸ், சூடான டீ, பெண் பணியாளர்களுக்கு அருகில் கழிப்பறை ஆகியவற்றை வேலைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். அவர்களைக் கவனிக்காத மேற்பார்வையாளரிடம் யாரும் விரிசலைப் பார்த்தேன் என்று வந்து சொல்ல மாட்டார்கள்.

படி 7: மூடுவதற்கு முன் அளப்பது

அஸ்திவாரம், சுவரின் முதுகு, குழாய்க்கு அடியில் போட்ட மணல், ஜல்லி அடுக்கின் தடிமன் எல்லாம் மூடப்பட்டுவிடும். மூடும் முன் அளந்து, ஸ்கேல் தெரியும்படி படமெடுத்து, அன்றே அளவுப் புத்தகத்துக்கான குறிப்பை எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதும் அளவு பிறகு தணிக்கையில் நிற்காது. புதிய சாலை போடும் முன் அந்தத் தெருவில் யார் யார் வெட்டப் போகிறார்கள் என்று குடிநீர், மின்சாரம், தொலைபேசிப் பிரிவுகளிடம் எழுத்தில் கேட்டு வைப்பதும் இந்தப் படியில் அடங்கும்.

படி 8: களத்தில் சோதிப்பது

எழுத்துத் தேர்வு வேண்டாம். மழை பெய்யும் ஒரு நாளில், அவருக்கு அறிமுகமில்லாத வார்டுக்குக் கூட்டிப் போய், "இந்தத் தெருவில் முதலில் எது போகும், ஏன்?" என்று கேளுங்கள். தண்ணீர் வரும் வழி, கடக்கும் வழி, விழும் இடம் மூன்றையும் காட்டிப் பதில் சொன்னால் அவர் தயார். சாலையின் குழிகளை மட்டும் எண்ணினால் இன்னும் ஒரு பருவமழை கூட இருக்கட்டும்.

வெளிப் பயிற்சி இதற்கு அப்புறம் பயன்படும். கோவையில் நகர உள்ளாட்சிப் பணியாளர்களுக்கான மாநிலப் பயிற்சி நிலையம் இருக்கிறது, சென்னை கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. களத்தில் ஓராண்டு கழித்தவர் அங்கே போனால், கேட்க வேண்டிய கேள்விகளோடு போவார்.

டிசம்பர் இறுதியில் அவருடைய நோட்டை வாங்கி, இரண்டு மழையிலும் தண்ணீர் ஏறிய இடங்கள், விரிந்த விரிசல்கள், மூன்று முறை மூடிய குழிகள் ஆகியவற்றைச் சேர்ந்து பட்டியலிடுங்கள். வரும் நிதியாண்டுக்கான எஸ்டிமேட் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும், பிப்ரவரியில் பட்ஜெட் பேச்சு வருவதற்குள் அது நகராட்சிப் பொறியாளர் மேசையில் இருக்க வேண்டும்.